சாவுத்தொரைக்கு ஒப்பாரி

ஆர்லோ பென்ட்ரிக் என்ற அமெரிக்கனை நான் நூற்றுப் பதினாறு தடவை சாகடித்திருக்கிறேன். இது நானாக அளக்கும் கணக்கில்லை. படம் ஓட்டுகிற தங்கராஜு மெஷின் பெட்டியின் மூடிக்குள் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தான். குண்டடி பட்டு, ஆற்றில் விழுந்து, குதிரை மிதித்து, பாறை உருண்டு, ஒரு படத்தில் கிண்ணத்தில் எதையோ வாங்கிக் குடித்து என்று அந்த மனுஷன் சாகாத சாவு கிடையாது. கதாநாயகனாக ஒரு நாளும் வந்ததில்லை. கதாநாயகனுக்கு அப்பா, கதாநாயகிக்குச் சித்தப்பா, ஊர் டாக்டர், சாராயக்கடைக்காரன், கிழட்டுப் போலீஸ், இப்படித்தான் வருவான். பாதிப் படத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவான்.

என் வேலை கதை சொல்வது. அப்போது ரப்பர் தோட்டங்களுக்கு வந்ததெல்லாம் ஊமைப்படம். நான் மலாக்கா டவுனில் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், சம்பளத்துக்கு இருந்தேன். அவருடைய லோரியில் மெஷினையும் எஞ்சினையும் படச்சுருளையும் ஏற்றிக்கொண்டு நானும் தங்கராஜுவும் தோட்டம் தோட்டமாகப் போவோம். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் மூங்கில் நட்டு வெள்ளைத்துணியைக் கட்டுவோம். இருட்டியதும் நான் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு துணிக்குப் பக்கத்தில் நிற்பேன். வெள்ளைக்காரன் வாயை அசைத்தால் நான் பேச வேண்டும். அவன் சிரித்தால் சிரிக்க வேண்டும், செத்தால் அழ வேண்டும்.

அழுவதில் என்னை மிஞ்ச மலாக்கா ஸ்டேட்டில் ஆள் இல்லை. இது தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். குழாயை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ஐயோ என் ராசா, போய்ட்டியா" என்று மெல்ல ஆரம்பிப்பேன். குரல் உடையும். மூக்கு அடைக்கும். கண்ணில் தண்ணீர் தானாகவே வரும். கோலா சுங்கை பாருவில் மீன்பிடிக்கிற மலாய்க்காரர்கள்கூட, ஒரு சொல் தமிழ் தெரியாதவர்கள், எனக்காகக் கண்ணைத் துடைத்ததைத் தங்கராஜு பார்த்திருக்கிறான்.

நாங்கள் குடியிருந்தது மெர்லிமாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். என் மனைவி ராஜம்மா அங்கே பால்மரம் சீவுகிறவள். எங்கள் தோட்டத்தில்தான் பென்ட்ரிக்குக்கு 'சாவுத்தொரை' என்று பேர் விழுந்தது. எந்தச் சாவு வீட்டிலும் முதல் குரல் எடுக்கிற இருசம்மாள் என்ற கிழவி ஒரு நாள் அவன் குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது தன்னை மறந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் கூடச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து அது முறையாகிவிட்டது. சாவுத்தொரை துணியில் தலை காட்டினால் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நெருங்கி உட்காருவார்கள். அவன் சாய்ந்ததும் இருசம்மாள் தொடங்குவாள், நான் சேர்ந்துகொள்வேன், களம் முழுக்க அழும். அழுது முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். நாள் முழுக்க மரத்தடியில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு அது ஒரு சுகம் என்று நினைக்கிறேன். சொந்தத்தில் அழ வேண்டியதையெல்லாம் அந்த வெள்ளைக்காரன் பேரில் எழுதிவிட்டார்கள்.

முப்பத்தோராம் வருஷம் மாசி மாதம் எங்கள் மகள் கமலவேணி செத்துப்போனாள். ஐந்து வயது. குளிர்க்காய்ச்சல். நான் அன்றைக்குக் கோலா சுங்கை பாருவில் படம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொல்லி, நான் வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை பத்து மணி. குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, என் கையில் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளை என்பதால் பாடை கிடையாது. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பெண்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட்டார்கள். சுடுகாட்டுக்கு அவர்கள் வருகிற வழக்கம் இல்லை. முதல் பிடி மண் நான் போட்டேன். போடும்போது சங்குப்புழு என்ற பட்டப்பேருடைய ஒரு பெரியவரின் மண்வெட்டிப் பிடி விரிசல் விட்டிருந்ததைப் பார்த்தேன். இதற்கு ஒரு கம்பி சுற்றினால் போதுமே என்று யோசித்தேன். அதுதான் என் மனசில் ஓடியது, வேறு ஒன்றும் இல்லை. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கை இருந்தது, கால் இருந்தது, உள்ளே ஆள் இல்லை. மற்ற ஆம்பிளைகள் தேம்பினார்கள். நான் குழியைச் சரியாக மூடியிருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்தேன்.

திரும்பி வந்ததும் ராஜம்மா என்னைக் கேட்கவில்லை. என் பின்னால் வந்த பக்கத்து வீட்டுக் காளிமுத்துவைக் கேட்டாள்.

"அழுதாரா?"

காளிமுத்து என்னைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பயல். "இல்ல அண்ணி," என்றான்.

"மண்ணு போடறப்பகூட?"

"இல்ல அண்ணி."

அவள் அறையின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் குழியில் பால் தெளித்துவிட்டு வந்தோம். அன்று சாயங்காலம் எங்கள் தோட்டத்துக்குப் படமுறை. லோரி வந்தது. லோரி வந்ததால் நான் எழுந்து போனேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. தங்கராஜு, "அண்ணே, தவுக்கேகிட்ட சொல்லிக்கலாம், நீங்க வீட்டுல இருங்க," என்றான். நான் மூங்கிலை எடுத்து நட ஆரம்பித்தேன். அன்றைக்குச் சாவுத்தொரை வெள்ளத்தில் யாரோ ஒரு பொம்பளையைக் காப்பாற்றப் போய்ச் செத்தான். நான் அழுதேன் பாருங்கள், அப்படி அழுதேன். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர்கூட மூக்கைச் சிந்தினார். எல்லோரும் நான் மகளை நினைத்து அழுகிறேன் என்று எண்ணியிருப்பார்கள். இல்லை. வெள்ளத்தில் போகிற ஆள் கையை எப்படித் தூக்குகிறான், எந்த இடத்தில் என் குரல் உடைய வேண்டும், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

களத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். நான் உள்ளே போனபோது ராஜம்மா விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள்.

அதன்பிறகு அவள் என்னோடு பேசுவது வேலைக்குத் தேவையான அளவுக்குக் குறைந்துபோனது. சோறு ஆயிருச்சு. தண்ணி புடிச்சு வச்சாச்சு. மழ வருது. நானும் அந்த அளவிலேயே பதில் சொன்னேன். என்னைக் கல்லுளிமங்கன் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வேலை போனவர்களை அரசாங்கமே கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. எங்கள் தோட்டத்தில் முப்பது குடும்பத்துக்கு மேல் பேர் கொடுத்தார்கள். ராஜம்மாவின் அண்ணன் அப்புசாமி முதல் ஆளாகக் கொடுத்தான். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ராஜம்மா சொன்னாள்.

"எங்க அண்ணங்கூட நானும் பேரு குடுத்துட்டேன்."

"என் பேரு?"

"உங்களுக்கு வேல இருக்குதுல்ல. நீங்க எதுக்கு?"

நான் பிசைந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். மாசிக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

"ஒரே ஒரு தடவ அவளுக்காக அழுங்க. நான் போய்ப் பேர வெட்டிட்டு வந்துடறேன். என்னால ஒத்தையா அழ முடியலங்க."

"வரமாட்டேங்குது, ராஜம்மா."

"அந்த வெள்ளக்காரனுக்கு வருதே."

இதற்கு என்ன பதில் சொல்வது? பதில் இருந்தது, ஆனால் தப்பான பதில். அதைத்தான் சொன்னேன்.

அந்த மாதம் படப்பெட்டியோடு ஒரு இங்கிலீஷ் பேப்பர் வந்திருந்தது. பென்ட்ரிக்கின் படத்தைப் போட்டு அவன் கதையை அச்சடித்திருந்தார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பெரியதம்பி அதை எனக்குப் படித்துச் சொன்னார். ஆள் ஏதோ ஒஹாயோ என்ற பக்கத்தில் லாடம் அடிக்கிறவன் மகன். பதினான்கு வயதில் சர்க்கஸில் குதிரைக்குப் புல் போடப் போயிருக்கிறான். குதிரையிலிருந்து எலும்பு உடையாமல் விழக் கற்றுக்கொண்டான். அப்புறம் படக் கம்பெனிக்காரன் பிடித்துக்கொண்டான். இருபது வருஷத்தில் நானூறு படமாம். சில மாதம் ஐந்து படம். காலையில் ஒரு கம்பெனியில் செத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, சாயங்காலம் அடுத்த கம்பெனியில் போய்ச் சாவானாம். பேர்கூடப் பாதிப் படத்தில் போடமாட்டார்களாம். எங்களுக்குப் படம் முன்பின்னாக வருவதால் ஒரு மாதம் நரைத்த தலையோடும் மறுமாதம் கருகருவென்றும் வருவான். இருசம்மாள், "மையடிச்சிருக்கான் பாரு கெழவன்," என்பாள். பேப்பரின் கடைசியில் இன்னொன்று இருந்தது. பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் அவனுடைய எட்டு வயது மகள் செத்துப்போனாள். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். அன்றைக்கு மட்டும் இரண்டு படத்தில் செத்தான். எவ்வளவு கடமையுள்ள நடிகன் பாருங்கள் என்று பெருமையாக எழுதியிருந்தது.

இதை ராஜம்மாவிடம் சொன்னேன். அவனும் மறுநாள் வேலைக்குப் போனான், தெரியுமா என்றேன். நாலு பேர் முன்னால் வக்கீல் பேசுகிற மாதிரி பேசினேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். "அவன் பொண்டாட்டி என்ன சொன்னா? அதுல போட்டிருக்கா?"

"இல்ல."

"ம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அழுவதற்கு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது வெங்காயத்தை அரிந்து முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு மகள் பேரைச் சொல்லிப் பார்த்தேன். கண் எரிந்தது, அவ்வளவுதான். கள்ளுக்கடையில் மூன்று மங்கு குடித்துவிட்டுக் குழிக்குப் போனேன். அங்கேயே தூங்கிவிட்டேன், எறும்பு கடித்து எழுந்து வந்தேன். என் வாயால் அழவைக்கிற முறையெல்லாம் எனக்குத் தெரியும். குரலை எங்கே உடைக்க வேண்டும் என்று தெரியும். அதை என் மகளுக்குச் செய்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கப்பலுக்குப் போகிறவர்களை வெள்ளிக்கிழமை காலை லோரியில் தம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் தோட்டத்தில் படம். போகிறவர்கள் கடைசியாக ஒரு படம் பார்க்கட்டும் என்று தோட்டத்துத் தொரையே தவுக்கேயிடம் கேட்டு வாங்கியிருந்தார். களம் நிறைந்திருந்தது. மூட்டை கட்டி முடித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மகள் செத்த பிறகு படத்துக்கு வராத ராஜம்மாவும் வந்து பின்வரிசையில் அண்ணன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கதையைச் சுருக்கி எழுதி வழக்கமாகப் படத்தோடு அனுப்புகிற பேப்பர் அன்று வரவில்லை. எனக்கு அது பெரிய சூசா இல்லை, சிரமப்படாமல் சமாளித்துவிடுவேன். வெள்ளைக்காரன் கதையில் பாதி, போட்ட தடத்திலேயே போகும். சாவுத்தொரை இதில் ஒரு குடியானவன். மனைவி இல்லை. சின்ன மகள் ஒருத்தி. பஞ்ச காலத்தில் மாடு ஓட்டிக்கொண்டு மலைப்பக்கம் போகிறான். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டார்கள். இருசம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தயாரானாள்.

மலைச்சரிவில் குதிரை கால் இடறியது. அவன் விழுந்தான். உருண்டான், உருண்டுகொண்டே போய் ஒரு பாறையடியில் முகம் கவிழ்ந்து கிடந்தான். இருசம்மாள் எடுத்தாள். "கல்லு மல தாண்டிப் போன என் கண்ணே..." களமே சேர்ந்தது. நானும் குழாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஐயோ, போய்ட்டியா, பொம்பளப் புள்ளய உட்டுட்டுப் போய்ட்டியா..." குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

சாவுத்தொரை கையை ஊன்றினான். எழுந்து உட்கார்ந்தான். தொப்பியைத் தேடி எடுத்து, முழங்காலில் தட்டித் தூசி போக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

இருசம்மாள் பாதி அடியில் நின்றாள். "அட எழவே, எந்திரிச்சிட்டான்டி!" என்றாள்.

களம் கொல்லென்று சிரித்தது. கண்ணீரோடு கண்ணீராகச் சிரித்தார்கள். நொண்டிக்கொண்டே அவன் வீடு வந்து சேர்ந்தான். வாசலிலிருந்து அந்தச் சின்னப்பெண் ஓடி வந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. துணியில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஆள் உயிரோடு மகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நான் குழாய்க்குள் அழுதுகொண்டிருந்தேன். முதலில் என் தொழில் குரல்தான். அப்புறம் எங்கேயோ அது கைமாறிவிட்டது. அது எனக்குத் தெரியாத குரல், அசிங்கமான குரல், மாடு கத்துகிற மாதிரி வந்தது. கமலவேணி சாவதற்கு முந்தின வாரம் இப்படித்தான் என் தோளில் தலையைப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்தில் அவளுடைய வேர்வை. எனக்கு நெஞ்சு வலித்தது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் வலித்தது.

அவர்கள் நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்தார்கள். செத்தவன் எழுந்ததைக் கவனிக்காத கோமாளியாக நடிக்கிறேனாம். நான் அழ அழச் சிரித்தார்கள். காளிமுத்து, "அண்ணே, பொழச்சிட்டான்லா! நிறுத்துங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினான். பிள்ளைகள் தரையில் உருண்டன. மீதிப் படத்துக்கு யாரும் கதை சொல்லவில்லை. நான் குழாயைக் கீழே வைக்காமல் நின்றேன். துணி எனக்குத் தெரியவில்லை.

படம் முடிந்து தங்கராஜு சுருளை எடுத்துக்கொண்டிருந்தான். ஆம்பிளைகள் வந்து முதுகில் தட்டினார்கள். இப்படிச் சிரித்ததே இல்லை, ஊருக்குப் போகிற நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூங்கிலைப் பிடுங்கினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராஜம்மா வந்து எதிரில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. காளிமுத்துவும் இன்னும் நாலைந்து பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அவன்தான் சாகலியே," என்றாள் ராஜம்மா. "பின்ன யாருக்கு அழுதீங்க?"

ஒரு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஐந்து எழுத்து. அது நாக்கு நுனியில் இருந்தது என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் எல்லோரும் நான் அடுத்து என்ன வேடிக்கை சொல்லப்போகிறேன் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்காக அழுததற்கு ஒரு மனுஷன் வெட்கப்பட்டான் என்றால் அவனை என்ன சொல்வது?

"சும்மா, பழக்கந்தான்," என்றேன்.

மறுபடியும் சிரித்தார்கள். நான் மூங்கிலில் இருந்த மண்ணைக் கையால் வழித்துக்கொண்டிருந்தேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு ராஜம்மா போனாள்.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் லோரி வந்துவிட்டது. கிராணி பெரியதம்பி பேர் பேராகக் கூப்பிட்டு ஏற்றினார். பெண்களும் பிள்ளைகளும் மூட்டைகளுக்கு நடுவே உள்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். ராஜம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கிட்டே போக எனக்குக் கால் வரவில்லை. கடைசியாக ஏற நின்ற அப்புசாமியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மச்சான், அவகிட்ட ஒண்ணு சொல்லு. நேத்து நான் அழுதது புள்ளைக்குத்தான். கமலவேணிக்குத்தான். சொல்லு மச்சான்."

அப்புசாமி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறினான். மூட்டைகளைத் தாண்டிப் போய் அவள் காதருகே குனிந்தான். அவள் திரும்பவில்லை, என்னவோ சொன்னாள். அவன் திரும்பி வந்து லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அதுக்குத் தெரியுமாம், மாப்ள. தெரிஞ்சுதான் வந்து கேட்டுச்சாம்."

டிரைவர் எஞ்சினை முடுக்கினான்.